‘ஆனாலும்’ என்றொரு சொல்

“அவர் முஸ்லிம்தான், ஆனாலும் நல்ல மனிசன்.” வடபுலத்தில் இவ்வாக்கியம் எவரையும் புண்படுத்தச் சொல்லப்படுவதில்லை. பாராட்டாகவே சொல்லப்படுகிறது. எனினும் ‘ஆனாலும்’ என்ற சொல் ஒரு தீர்ப்பைச் சுமந்து வருகிறது. நல்ல மனிதராயிருப்பது அந்தச் சமூகத்தாரிடம் எதிர்பார்க்கப்படாத ஒன்று என்பதே அத்தீர்ப்பு. சுட்டிக்காட்டினால் சொன்னவர் திகைப்பார். தன் மனதில் துவேஷமில்லை என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். துவேஷமில்லாத இடத்திலும் சாய்வு இருக்க முடியும் என்பதே நாம் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல்.

நாரந்தனை போன்ற தீவகக் கிராமங்களிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து யாழ் நகருக்குப் படிக்கவும் தொழில் பார்க்கவும் வந்தோருக்கு இந்த ‘ஆனாலும்’ புதிதல்ல. குடாநாட்டார் வாயில் ‘தீவான்’ என்பது வெறும் இடப்பெயராக ஒலிப்பதில்லை. தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்து முன்னேறிய தீவக வணிகர் மீதும், சோனகத்தெரு வணிகர் மீதும் ‘வியாபாரப் புத்தி’ என்ற ஒரே முத்திரைதான் குத்தப்பட்டது.

இழப்பிலும் இவ்விரு சாராரும் அயலவரே. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அந்நாட்களில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் அதிகம். 1990-91 இராணுவ நடவடிக்கைகளினால் தீவக மக்களும் பெருமளவில் ஊர் பெயர்ந்தனர். ஆயினும், இழப்பு மட்டும் மற்றவரைக் காணும் கண்ணைத் தந்துவிடுவதில்லை. ‘தீவான்’ என்றழைக்கப்பட்டுக் குமுறியவரே, முஸ்லிம் நண்பரிடம் “உங்களைப் பார்த்தா முஸ்லிம் மாதிரித் தெரியேல்லை” என்று மெச்சக்கூடும்.

வெளியேற்றம் மறைவான மனச்சாய்வு அல்ல; வெளிப்படையான ஆயுதக் கட்டளை. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் 2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தோரை எதிர்கொண்ட சொற்கள் ஆயுதமேந்தியோரின் சொற்களல்ல. ‘மீள்குடியேற்றம்’ என்பதிலுள்ள ‘மீள்’ உதிர்ந்தால் எஞ்சுவது ‘குடியேற்றம்’. தமிழர் அரசியல் நினைவில் அச்சொல்லுக்குப் பொருள், கல்லோயா தொட்டு அரச ஆதரவுடன் பிறரைக் கொண்டுவந்து இருத்துவது. ஒரு முன்னொட்டு தவறினால் சொந்த ஊர்க்காரன் அந்நியனாகி விடுகிறான்.

இக்கணக்கை ஒரு பக்கமாக எழுதி முடிப்பது நேர்மையாகாது. “தமிழ் ஆள்தான், ஆனாலும் நம்பலாம்” என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. துப்பாக்கி ஏந்தியவனின் குற்றத்தை, கண்ணீருடன் வழியனுப்பிய அயலவர் மீதும் ஏற்றிவிடும் பழக்கமும் உண்டு. அதற்குப் பின்னே காயம் இருக்கிறது. காயம் சாய்வை விளக்கும்; நியாயப்படுத்தாது.

நோக்கம் நல்லதானால் போதாதா? இக்கேள்விக்கு ‘அபஸ’ அத்தியாயத்தை விட ஆழமான பதிலை நானறியேன். குறைஷித் தலைவர்களுக்கு மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) இடையே வந்து வினவ, நபிகளார் (ஸல்) முகம் சுளித்ததை ஒட்டி அது இறங்கியதாக முபஸ்ஸிர்கள் கூறுவர். நோக்கமோ உயர்ந்தது. வந்தவருக்கோ அச்சுளிப்பைக் காணக் கண்ணில்லை. இருந்தும் அது பேசப்பட வேண்டிய விடயமாயிற்று. ‘நான் அப்படி நினைக்கவில்லை’, ‘அவருக்குத் தெரியாது’ என்ற நம் இரு சமாதானங்களும் அங்கே உதிர்ந்து போகின்றன.

அப்படியாயின் இதைக் கடப்பது எவ்வாறு? உள்ளுறைந்த சாய்வை அளக்க 1998இல் அமெரிக்க உளவியலாளர் அன்ரனி கிறீன்வால்டும் சகாக்களும் ஒரு சோதனையை முன்வைத்தனர். சாய்வைக் குறைக்கும் உத்திகளும் பல வந்தன. 2016இல் வெளியான ஓர் ஒப்பீட்டாய்வில், அவ்வாறான ஒன்பது உத்திகளின் பலனும் சில மணித்தியாலங்களில் அல்லது சில நாட்களில் மறைந்திருந்தது. ஒரு நாள் கருத்தரங்கில் மனம் வெளுத்துவிடாது. கோர்டன் ஒல்போர்ட் 1954இலேயே வேறொன்றைச் சொல்லியிருந்தார். சமநிலையில், பொது இலக்குடன் கூடி உழைக்கும் உறவே சாய்வைத் தளர்த்தும் என்றார். வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், யாழ் இந்துக் கல்லூரியில் படித்துப் பின்னர் கொழும்பு ஸாஹிறாவின் அதிபரானவர். அவரது தலைமுறைக்கு வாய்த்த அந்தப் பொது வாங்கு, புத்தளம் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இல்லை. அவர்களைக் காணாமலே யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இல்லை.

அந்த வாங்கை மீண்டும் போடுவது பெரிய வேலை. பாடசாலையும் நிர்வாகமும் இரு சமூகத் தலைமைகளும் சேர்ந்தாலே ஆகும். அதுவரை ஒருவர் தன்னளவில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மற்றவர் “அது நோகிறது” என்றால், நம் நோக்கத்தைச் சாட்சிக்கு அழைக்காமல் முதலில் கேட்பது. சொன்ன சொல்லுக்கு நம் மனம் மட்டும் சாட்சியாகாது. கேட்டவரின் காதும் சாட்சி.