தொடாத இழை

ஆரணியில் எனக்கு ஒரு நெசவாளர் நண்பர் உண்டு. குழித்தறியில் பட்டு நெய்கிறவர். கண் புடவையின் மேல் இருக்கும். கால் குழிக்குள் இருக்கும். எந்த மிதிபலகையை எப்போது அழுத்துவது என்பதைப் பாதமே அறியும்.

அவர் மகளுக்கு 13 வயது. ஏழாம் வயதிலிருந்து சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. சென்ற மாதம் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனபோது நானும் உடன் போனேன். காலில் வலியில்லை, எரிச்சலில்லை. "பின்னே எதுக்கம்மா காலைச் சோதிக்கணும்?" என்றார் நண்பர். துள்ளித் திரியும் குழந்தையிடம் நோயைத் தேடிப் போவானேன் என்று எனக்கும் தோன்றியது.

நரம்பு சத்தமில்லாமல்தான் தேயும் என்றார் அந்த அம்மையார். இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் மிகுந்து நிற்கும் சர்க்கரை நரம்பையும் அதற்கு உணவூட்டும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. நீண்ட நரம்புகள் முடியும் கால்விரல்களில்தான் அது முதலில் தெரியும். அதனால் 10 வயதோ பருவமோ எட்டிய குழந்தைக்கு, நோய் வந்து 5 ஆண்டாகியிருந்தால், ஆண்டுதோறும் பாதத்தைச் சோதிக்கச் சொல்கிறார்கள். 1922-இல் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகள் நரம்பு கெடும் வரை உயிரோடிருப்பதே அபூர்வம்.

10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை அம்மையார் எடுத்தார். பெண் கண்ணை மூடிக்கொண்டு, இழை படும்போதெல்லாம் 'ம்' சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தடவை இழையைப் பாதத்தில் வைக்காமலே, "இப்போ?" என்றார்.

"ம்" என்றாள்.

நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் பொய் சொல்றே?"

"இல்லேன்னா நீ திட்டுவியேப்பா."

வீட்டில் ஒரு சர்க்கரை நோட்டு உண்டு. அதில் 180 என்றால் தகப்பனார் முறைப்பார். 300 என்றால் தாயார் அன்று சாப்பிட மாட்டாள். நானும் சும்மா இருந்தவனல்ல. நல்ல எண்ணைப் பார்த்து, "சமர்த்து!" என்று முதுகில் தட்டியிருக்கிறேன். அந்த நோட்டுக்கும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லையென்று அன்றுதான் தெரிந்தது.

பொய்யின் பாவத்தை, சொன்ன வாயின் மேல் ஏற்றிவிடுவது நமக்குப் பழக்கம். மெய் சொன்னால் அடி, பொய் சொன்னால் பாராட்டு என்று நடத்திய வீட்டுக்குப் பங்கில்லையா? இங்கே அந்தப் பொய்க்கு விலையும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைப் பல்லாண்டு கவனித்து 1993-இல் முடிவு சொன்னார்கள்: சர்க்கரையைக் கட்டாக வைத்தால் நரம்புக் கேடு 60 சதவீதம் குறைகிறது. செத்த நரம்பை மீட்க மருந்தில்லை, கட்டுப்பாடே சிகிச்சை. ஊசியின் அளவோ நோட்டிலுள்ள எண்ணைப் பார்த்துப் போடுவது. பொய் எண்ணுக்குப் பொய் அளவு.

அம்மையார் அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டு, நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரலில் வைத்தார். "நின்னுடுச்சு" என்றாள் பெண், மெதுவாக. அம்மையாரின் விரலுக்கு அதிர்வு இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனைக்குச் சீட்டு எழுதினார்.

அன்றிரவு நோட்டில் 264 என்று இருந்தது. நண்பர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊசி எவ்வளவு போடணும், பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.