போய் வருகிறேன்

ஸ்பானிய மொழி கற்றுத் தேர்ந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவர், புறப்படுகிற நேரத்தில் வாசற்படியில் நின்றுகொண்டு ஒரு வழக்கைத் தொடங்கினார்.

"ஸ்பெயின்காரன் பிரியும்போது 'அதியோஸ்' என்பான். 'கடவுளிடம்' என்று அதற்குப் பொருள். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று சொல்ல நேர்ந்தாலும், 'கடவுள் நினைத்தால்' என்று ஓர் ஒட்டுச் சேர்த்துக்கொள்கிற பெரியவர்கள் அங்கே உண்டு. நாம் என்ன சொல்கிறோம்? 'போய் வருகிறேன்' என்கிறோம். திரும்பி வருவது நம் கையிலா இருக்கிறது? இது பொய் இல்லையா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'போய்விட்டார்' என்றால் நமக்கு ஒரே அர்த்தந்தான். அதனால்தான், "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று பாட்டியிடம் குட்டு வாங்காமல் இங்கே எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. சகுனபயம் என்று இதைத் தள்ளிவிடலாம். வெறும் வாய்ப்பழக்கம் என்றும் சொல்லலாம். ஆனால் பழக்கமென்றால் எல்லா வாசலிலும் வாயில் வரவேண்டுமே! சாவு வீட்டிலிருந்து புறப்படுகிறவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடக்கிறான். இப்படியொரு காரியத்துக்கு அந்த வாசலை மறுபடியும் மிதிக்கக் கூடாது என்பது எண்ணம். ஆக, அந்த வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது.

அந்தக் கனத்தை நான் கண்ணால் கண்டது சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்தில். விடிந்தும் விடியாத நேரம். டீக்கடை ஓரமாகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பட்டாசு ஆலைக்கு ஆளேற்றும் வேன் வந்து நின்றது. தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி ஏறியபின் தலையை வெளியே நீட்டி, "அம்மா போயிட்டு வாரேன்யா" என்றாள். ஐந்து வயதுப் பையன். என்ன கோபமோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேன் நகர்ந்தது.

"அண்ணே, நிறுத்துங்க!"

இறங்கி ஓடிவந்து பையனின் மோவாயைப் பிடித்தாள். "போயிட்டு வான்னு சொல்லுய்யா" என்றாள். கெஞ்சினாள் என்பதே சரி. அவன் முணுமுணுத்தான். அதன் பிறகுதான் ஏறினாள். டிரைவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. அவனும் அந்த ஊர்க்காரன்தானே!

அவள் போகிற இடம் எப்படிப்பட்டது? வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்து, பகலெல்லாம் கையில் புழங்குகிற இடம். மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்க இடைவெளி வேண்டும் என்பதும் விதி. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவிந்தால், நாலு பேர் அறையில் இன்னும் சிலர் உட்காருகிறார்கள். மரத்தடிகூட வேலையிடம் ஆகிவிடுகிறது. அப்புறம் ஒரு சிறு உராய்வு போதும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவிக்கு ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்குக் குறையாமல் பலியானார்கள். அந்தக் காலைகளிலும் வாசல்தோறும் "போயிட்டு வாரேன்" என்ற சொல் கேட்டுத்தான் இருக்கும்.

அவர்கள் பொய்யா சொன்னார்கள்?

'போய் வருகிறேன்' என்பது ஜோசியம் அன்று. பலித்தால் மெய், பலிக்காவிட்டால் பொய் என்று தீர்ப்புக் கூறுவதற்கு. அது ஒரு கடன். 'உன்னிடம் திரும்பி வர நான் கடமைப்பட்டவள்' என்று எழுதிக் கொடுக்கும் புரோநோட்டு. விருதுநகர் வியாபாரியைக் கேட்டால் சொல்வார்: கடன் வாங்கியவர் கையெழுத்து மட்டும் போதாத நோட்டுகள் உண்டு, ஜாமீன் கையெழுத்தும் வேண்டும். அந்த அறையில் ஐந்தாவது ஆளை உட்காரச் சொல்கிறவர், கண்டும் காணாதவர்போல் நடந்துவிடுகிறவர், பெட்டி எப்படி இவ்வளவு மலிவாக வந்தது என்று கேட்காமல் வாங்கிக் கொளுத்துகிற நான்—எல்லோருமே அந்த நோட்டில் ஜாமீன் போட்டவர்கள். அவள் திரும்பாத அன்று பொய்யாவது அவளுடைய வார்த்தை அன்று, நம்முடைய கையெழுத்து.

'கடவுள் நினைத்தால்' என்ற ஒட்டில் பணிவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வேனின் படியில் நின்று அதைச் சேர்த்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. மனிதர்கள் செய்யத் தவறியதையெல்லாம் கடவுள் கணக்கில் எழுதிவிட அது ரொம்பவும் வசதியாகப் போய்விடும்.

இதைச் சொன்னபோது நண்பர் பதில் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "போய் வருகிறேன்" என்றார்.

"போய் வாருங்கள்" என்றேன். அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.