இலவச இடமும் எழுதாத ஒப்பந்தமும்

பந்தாட்டத்தில் தேர்ந்த பிள்ளைக்குக் கல்லூரியில் இலவச இடம் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் மகிழ்கிறோம். அந்த இடம் உண்மையில் இலவசந்தானா என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், பிளவக்கல் அணையின் நீரை நம்பி வாழும் ஊர் வத்திராயிருப்பு. இத்தகைய ஊர்களில் கபடியோ கைப்பந்தோ நன்கு ஆடும் மாணவன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் அவன்முன் இரு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, அரசின் கலந்தாய்வு. பொறியியலில் விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. எனினும் அந்த ஒதுக்கீடு இடத்தைத் தருமேயன்றிக் கட்டணத்தை நீக்காது. மற்றொன்று, தனியார் கல்லூரி. தன் அணிக்கு ஆடுவதானால் படிப்பு, விடுதி, உணவு யாவற்றையும் தானே ஏற்பதாக அது சொல்லும். அன்றாடம் உழைத்துண்ணும் தந்தைக்கு இரண்டாவது வழி பெரும் பேறாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் கல்லூரிக்குக் கோப்பை வேண்டும். கோப்பையால் வரும் பெயர் வேண்டும். அதற்காகவே அது கொடுக்கிறது. ஆகவே இது ஸதகா அன்று, கூலியே ஆகும். கூலி பெறுவதில் இழிவேதும் இல்லை. உழைப்பவனின் ஊதியத்தைத் தாமதமின்றித் தருமாறு பணித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கூலி என்று தெளிந்துவிட்டால், அதன் நிபந்தனைகளைக் கேட்பதும் நன்றிகெட்ட செயலாகாது.

இரண்டாம் ஆண்டில் முழங்கால் சவ்வு கிழிந்தால் என்ன ஆகும்? சிகிச்சைச் செலவு யாருடையது? மீதிக் கட்டணத்தைத் தந்தை கட்ட வேண்டுமா? போட்டிக்குச் சென்ற நாள்களுக்கு வருகைப்பதிவு உண்டா? விரும்பிய பாடம் கிடைக்குமா, காலியாயுள்ள பாடந்தான் கிடைக்குமா? முன்னர் ஆடிய மாணவர்களுள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர்?

“கொடுப்பவரிடம் எழுதிக் கேட்பது மரியாதையா?” என்று நம்மவர் தயங்குவர். திருமறையின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகும். அது கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுவது அவநம்பிக்கையாயின், மறை அதனை இத்துணை விரிவாக வலியுறுத்தியிராது.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இச்சிக்கல் எழுந்தது. அங்குக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973இல் நான்காண்டு உதவித்தொகையை ஓராண்டு உதவித்தொகையாகச் சுருக்கியது. ஆண்டுதோறும் புதுப்பித்தாலன்றி உதவி இல்லை. பல்லாண்டு உதவிக்கு மீண்டும் வழி திறக்க 2012 வரை காத்திருக்க நேர்ந்தது.

வேறு வழிகளையும் நாம் ஆராய்தல் வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அவ்விடம் பெற்றவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. அந்த உதவி முழங்காலைப் பொறுத்ததன்று. சிவகாசியில் 1963இலும், கிருஷ்ணன்கோவிலில் 1984இலும் கல்லூரிகள் தோன்றின. வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வரும் பிள்ளைக்கு விடுதிச் செலவில்லை. தாயின் கையுணவும் உண்டு. தொலைவிலுள்ள பெரிய அணியின் பெயருக்காக இவற்றை இழக்குமுன் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

வேறு வழியே இல்லாத பிள்ளை அணியின் இடத்தை ஏற்கட்டும், அதில் தவறில்லை. ஆயினும் உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதற்கும் நம்மீது உரிமையுண்டு என்பது நபிபோதனை. காயத்தை மறைத்துக் களமிறங்கும்படி மகனைத் தூண்டும் தந்தையும், காயமுற்றவனைக் கைவிடும் கல்லூரியும் அந்த அமானிதத்திற்குத் தீங்கிழைப்பவர்களே.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. வெற்றி பெற்ற வீரனுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். காயத்தால் இடமிழந்து பாதியில் திரும்பிய மாணவனின் எஞ்சிய ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்டுவது அதனினும் மேலான பணியன்றோ? அதற்கென ஊர்தோறும் ஒரு சிறு கல்வி நிதி அமையுமாயின், நம் பிள்ளைகள் அச்சமின்றி ஆடுவர், படிப்பையும் முடிப்பர்.