மூடிக்கு மேலே ஒரு கையெழுத்து

எங்க சித்தப்பா அந்தச் செப்டிக் டேங்குக்குள்ள எறங்குனப்ப நான் எம்.ஏ. தமிழ் படிச்சுக்கிட்டிருந்தேன். கயித்தப் போட்டு இழுத்ததுல உசுரு தங்குச்சு. "நாத்தம் திடீர்னு நின்னுபோச்சுடா, அப்புறம் ஒண்ணும் தெரியல" என்றார். ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிஞ்சினால் முதலில் மூக்கைத்தான் மரக்கடிக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு அனுமதி தந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். "பிளான்ல எல்லாம் சரியா இருந்துச்சு தம்பி, அதுக்குத்தான் கையெழுத்து." அவர் பொய் சொல்லவில்லை. (லஞ்சம் வாங்குகிறவரும் இல்லை. வாங்கியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.) நீளம், அகலம், காற்றுக்குழாய் எல்லாம் தாளில் இருந்தன. லாரிக் குழாய் எட்டாத சந்தில் தொட்டி நிரம்பினால் யார் இறங்குவது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை? பதில் எல்லோருக்கும் தெரியும், கேட்கவே வேண்டாத அளவுக்கு.

பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடுக்கிறது. மலக்குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் என்றது. விலை ஏறியிருக்கிறது. இறக்கியவன் குற்றவாளி, சரி. ஆள் இறங்கியே தீரவேண்டிய தொட்டிக்கு 'சரி' போட்ட கை? தெரியாமல் போட்டது என்கிறார்கள். தெரிந்துகொள்ளாமலே காலம் தள்ள அவருக்கு முடிகிறது, எங்க சித்தப்பாவுக்கு முடியல.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சித்தப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "அந்தாளு மூடியத் தொறந்து பாத்தானாமாடா?"

நான் அதைக் கேட்காமல் வந்திருந்தேன்.