தெருவின் வாக்கும் தனியொருவர் வாக்கும்

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா செல்லும் வழியிலும், சித்தூர் நகரின் ஓரங்களிலும் உழைப்பாளர் குடியிருப்புகள் பல உள. வாக்கெண்ணிக்கை முடிந்த பின் அவ்விடங்களில் எழும் முதற் கேள்வி, யார் வென்றார் என்பதன்று. நம் சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்பதே. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாக்களிக்கும் ஒரு சாவடியின் கணக்கு, 20-ஆம் எண் படிவத்தில் தனியே பதிவாகின்றது. ஆகவே தனி மனிதரின் வாக்கு மறைவாயிருக்க, தெருவின் வாக்கு வெட்டவெளியில் கிடக்கின்றது. இந்தத் தெரு நமது, அந்தத் தெரு மாற்றாருடையது என்று கட்சிக்காரர் முடிவு கட்டுதற்கு அஃதே சான்று. குழாய் நீரும் தெருவிளக்கும் அம்முடிவின்படியே வருமோ என்று எளியோர் அஞ்சுவதை வீண் அச்சமென்று நாம் தள்ளோம்.

வாக்குச் சீட்டுக் காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழி இருந்தது. 2004 பொதுத் தேர்தலில் நாடெங்கும் வாக்குப் பொறி வந்தபின் அவ்வழி அடைபட்டது. பல பொறிகளின் தொகையை ஒருங்கே கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் வெளியிட்ட 255-ஆம் அறிக்கையில் அதனைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு இசையவில்லை.

இந்நிலையில், ஒருவர் தம் தெருவோடு சேர்ந்து வாக்களிப்பது அறமா, தம் மனம் கூறியபடி அளிப்பது அறமா என்னும் வினா எழுகின்றது.

இவ்வினா பழையது. விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில், சங்கத்தார் பிணக்குற்றபோது சலாகை எனப்படும் குச்சிகளைக் கொண்டு கருத்தறியும் முறை வகுக்கப்பட்டுள்ளது. மறைவாகக் கொடுத்தல், காதோடு சொல்லிக் கேட்டல், யாவரும் காண எடுத்தல் என அது மூவகைப்படும். மறைவுக்கும் அங்கே இடமிருந்தமை கருதத்தக்கது. துறவிகளேயாயினும் மூத்தோர் முகம் பார்த்துக் கை தடுமாறும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர் போலும். ஆயின் அதே நூலில், அறமல்லாத பக்கத்தார் மிகுந்திருக்கக் கண்டால், குச்சிகள் தவறாக எடுக்கப்பட்டன என்று அந்த எடுப்பைத் தள்ளிவிடவும் குச்சி வழங்குபவருக்கு இடம் தரப்பட்டுள்ளது. நூல் எத்துணை உயர்ந்ததாயினும், இவ்விதியை இன்றைய நாட்டாட்சிக்குக் கொள்ளலாகாது. அறம் எப்பக்கம் என்று எண்ணுபவரே தீர்ப்பாரேல், எண்ணுவது எதற்கு?

நாம் நூற்பாலையில் உழைத்த நாளில், மேஸ்திரி பார்த்திருக்கக் கைதூக்கச் சொல்லிக் கருத்துக் கேட்பார்கள். பக்கத்தில் நின்றவர் தூக்கினாரா என்று பார்த்துத்தான் பெரும்பாலான கைகள் எழும்பின.

எனினும், தெரு ஒன்றுபட்டு வாக்களிப்பதை அடிமைத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கலாகாது. முந்நூறு வீட்டுக் குடியிருப்பு மூன்று கூறாகச் சிதறின், அதன் குறையைக் கேட்க எவர் வருவர்? நிலமும் செல்வமும் இல்லாதார்க்குத் தொகையே வலிமை. இக்கட்சியில் உண்மை உண்டு. ஆனால் கூடியிருந்து பேசி இன்னார்க்கென்று துணிவது வேறு. பெரியவர் ஒருவர் தெருவை மொத்தமாக விலை பேசிவிட்டு வந்து சொல்வது வேறு. முன்னதில் மறுத்துப் பேசியவரும் மறுநாள் அதே திண்ணையில் அமர முடியும். பின்னதில் அமர முடியாது. இவ்விரண்டையும் பிரித்தறிய இதனினும் நல்ல அடையாளம் நமக்குத் தோன்றவில்லை.

பணம் பெற்று ஆணையிட்டவர் அவ்வாணையைக் காக்க வேண்டுமா என்றும் நம்மிடம் கேட்கின்றனர். காக்க வேண்டுவதில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் சட்டத்தின்முன் குற்றவாளிகள். குற்றத்தின்மேல் எழுந்த உறுதிமொழி ஒருவரையும் கட்டாது. ஆயினும், பணத்தை வாங்கிக்கொண்டு மனம்போல் வாக்களித்தோம் என்று சிரித்து மகிழ்வாரை நாம் பாராட்டோம். பொய்யாமை என்னும் சீலத்தில் அவர் வழுவியது வாங்கிய அன்றே நிகழ்ந்துவிட்டது.

இவ்வட்டாரத்து வாக்காளரைக் கணக்கில் அடக்குவதும் எளிதன்று. 1982-இல் தோன்றிய தெலுங்கு தேசத்தின் என். டி. இராமராவை 1983-இல் திருப்பதி தேர்ந்தது. 2009-இல், தம் சொந்த மாவட்டத்துப் பாலகொல்லில் தோற்ற சிரஞ்சீவியை இவ்வூர் வெற்றிபெறச் செய்தது. மாநிலத்தின் 294 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை 18 மட்டுமே. திருப்பதி மக்களவைத் தொகுதியில் 2021 இடைத்தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் குருமூர்த்தி 2½ இலட்சத்திற்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். 2024-இல் அவரே மீண்டும் வென்றார். வித்தியாசம் 15,000-க்கும் குறைவு. அத்தேர்தலில் அத்தொகுதிக்கு உட்பட்ட ஏழு சட்டமன்ற இடங்களும் எதிரணிக்கே போயின. ஒரே நாளில், ஒரே சாவடியில், அடுத்தடுத்து வைத்த இரு பொறிகளில், ஒன்றில் ஓரணிக்கும் மற்றொன்றில் மாற்றணிக்கும் அழுத்திச் சென்றவர் பல்லாயிரவர். அவர் எத்தெருவினர் என்பதைப் படிவம் ஓரளவு காட்டும்; அவர் யாவர் என்பதை எப்படிவமும் காட்டாது.