தட்டில் தங்கிய குரலும் கடலில் கரைந்த குரலும்

"பழைமையைச் சாடுகிறீர், பழைய இசைத்தட்டைப் பட்டுத் துணியால் துடைக்கிறீர். புராணம் பொய் என்கிறீர். அந்தப் புராணத்தைப் பாடிய குரலைப் பெட்டியிலிட்டுப் பூட்டி வைக்கிறீர். இஃதென்ன பகுத்தறிவு?" என்று கேட்கின்றனர் இளைஞர் சிலர்.

கேள்வி கூர்மையானது. கேட்பவர் நம்மவர். ஆகவே விடை கூறும் கடமை நமக்குண்டு.

இதே காட்சியைக் கண்டு வேறொரு சாரார் புன்னகை பூக்கின்றனர். "எத்தனை பேசியும் என்ன! கடைசியில் பழம்பெருமையின் காலடிக்கே வந்து சேர்ந்தனரே!" என்பது அவர்தம் களிப்பு. ஒரு சாரார் கடிகின்றனர்; மறு சாரார் களிக்கின்றனர். ஆனால் இரு சாராரும் இடறி விழுந்த இடம் ஒன்றே. ஒன்றைக் காப்பதென்றால் அதனை வணங்குவதென்று இருவருமே எண்ணிக்கொண்டனர்.

வழக்கு மன்றத்திலே குருதி தோய்ந்த கத்தியை முத்திரையிட்டுக் காக்கின்றனர். கும்பிடுவதற்கா? கற்பூரம் காட்டுவதற்கா? அந்தக் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டால் களிப்பவன் யார்? குற்றம் புரிந்தவனன்றோ! சான்று அழிந்தால் பொய்யனுக்குக் கொண்டாட்டம். மெய் தேடுவோனுக்குத் திண்டாட்டம். நம்பிக்கையை மட்டுமே முதலாக வைத்து நடத்தும் வாணிகத்துக்குச் சான்று தேவையில்லை. பகுத்தறிவுக்கோ, சான்றே சோறு.

கிராமபோன் பெட்டியை நாம் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. புராணங்களில் அடிக்கடி ஓர் அசரீரி கேட்கும். உருவம் இராது, குரல் மட்டும் வரும். மன்னனும் முனிவனும் மண்டியிடுவர். 1877-ஆம் ஆண்டு எடிசன் என்னும் மனிதர், ஒரு உருளையின் மீது தகரத் தாளைச் சுற்றி, ஊசியைப் பொருத்தி, உருவமற்ற குரலை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்துவிட்டார். பின்னர் பெர்லினர் என்பார் உருளையைத் தட்டாக்கினார். குரல் என்பது காற்றின் அதிர்வு. அதிர்வு ஊசியை அசைக்கிறது. ஊசி பள்ளம் கீறுகிறது. அதே பள்ளத்தில் ஊசி மீண்டும் ஓடினால் அதே அதிர்வு, அதே குரல். மாயமில்லை, மந்திரமில்லை. பத்து வயதுப் பையன் சாவி கொடுத்தால் அசரீரி பாடும். அச்சத்தை அறிவு வென்ற கதையை மேசை மேல் வைத்துக் காட்டும் கருவியன்றோ அது!

அத்தட்டு செய்த குறும்பு மற்றொன்று. தட்டின் உடல் அரக்கு. மரத்தில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரந்த பிசின். அரக்குக்கு உலகம் பெரிதும் நம்பியிருந்தது இந்தியக் காடுகளை. பூச்சி சுரந்ததைக் காட்டில் திரட்டியவர் யார், ஆலையில் அரைத்தவர் யார், அச்சில் அழுத்தியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. தீட்டு என்று தெருவையே பிரித்த வீட்டின் நடுக்கூடத்தில் தட்டு சுழன்றது. நாகசுரக் கலைஞரைத் திண்ணையோடு நிறுத்திய வீட்டுக்குள் அவருடைய இசை தாராளமாக நுழைந்தது. மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்புக்காகத் திருவாவடுதுறை இராஜரத்தினம் வாதாட வேண்டியிருந்தது. அவரிடம் பயின்றவர் காருகுறிச்சி அருணாசலம். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியை வாழிடமாகக் கொண்டு, 1964-இல் மறைந்தவர். குருவின் தட்டையும் சீடரின் தட்டையும் இன்று கேட்கும் இளைஞன் அந்தப் போராட்டத்தையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இனி, முதல் தட்டுகளைப் பாடியவர் யாவர் என்று பார்ப்போம்.

1902 நவம்பரில் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் முன் பாடியவர்களுள் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். தற்பெருமை என்று எண்ணவேண்டாம். பதிவு மெழுகு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் செல்லும். அங்குள்ள தொழிலாளிக்குப் பாடியவர் இன்னார் என்று தெரியவேண்டும். அதற்காகவே அந்த அறிவிப்பு. 1908-இல் கல்கத்தாவில் தட்டு அச்சிடும் ஆலை எழும்வரை நம் நாட்டுக் குரல்கள் கப்பலேறிச் சென்றே தட்டாகித் திரும்பின.

தமிழகத்திலும் தொடக்க நாள் தட்டுகளில் ஒலித்த பெண் குரல்கள் பெரும்பாலும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு ஆளான குடும்பங்களிலிருந்து வந்தவை. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள். 'குடும்பப் பெண்' பாடினால் குலம் கெடும் என்று வாய் பொத்தி வைத்த சமுதாயம், இவர்கள் பாடினால் காது திறந்து கேட்டது. கேட்டுவிட்டு இழித்துப் பேசியது. திருவையாற்றில் தியாகராசர் நினைவிடத்தைத் தம் பொருளால் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். அங்கு நடந்த விழாவிலோ பெண்களுக்குப் பாட இடமில்லை! போராடியே இடம் பெற்றார். இசைத்தட்டு மட்டும் அவரைத் தடுக்கவில்லை.

பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மன்றத்தில் வாதாடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மக்கள் மன்றத்தில் முழங்கினார். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தை ஒழித்தது. ஒழிந்தது நன்று, ஒழிக்கப்பட வேண்டியதே. ஆனால் தோழர்களே, வழக்கத்தை ஒழித்தபோது அதில் சிக்கிய பெண்ணின் குரலையும் சேர்த்துப் புதைக்கலாமா? சிறையை இடித்தோம் என்பதற்காகச் சிறைப்பட்டவளின் பெயரையும் அழிக்கலாமா? அவள் பாடியது பக்திப் பாட்டாயிருக்கலாம். பொருள் நமக்கு உடன்பாடற்றதாயிருக்கலாம். அந்தக் குரலின் திறமை அவளுடைய உழைப்பு. அதனைத் துடைத்து, பெயரெழுதி, காப்பது பழைமைக்குச் செய்யும் பூசையாகாது. பறிக்கப்பட்ட மதிப்பைத் திருப்பித் தருவதாகும்.

இவ்வளவும் தட்டில் தங்கிய குரல்களைப் பற்றி. தட்டில் ஏறாத குரல்கள்? அதற்குத் தூத்துக்குடிக்கு வரவேண்டும்.

முத்துப்பார்களைத் தேடி வள்ளங்கள் சென்ற கரை இது. காலில் கல் கட்டிய கயிறு, கழுத்தில் வலைப்பை. ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்குவான் குளியாளி. மேலே கயிறு பிடிப்பவன் கையில் அவன் உயிர். கரைக்கு வந்ததும் சிப்பிக் குவியல் மூன்றாகப் பிரியும்: இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூழ்கி எடுத்தவனுக்கு!

1889-ஆம் ஆண்டு முத்துக்குளிப்பைக் காண இங்கு வந்தார் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் எட்கர் தர்ஸ்டன். முத்தையும் சங்கையும் பற்றி மறு ஆண்டே நூல் வெளியிட்டார். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1901 முதல், தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் ஆராயப் புறப்பட்டார், துணைவர் ரங்காச்சாரி. அந்தப் பணியில் பழங்குடிப் பாடல்களும் இசையும் போனோகிராபில் பதிவாயின. அதே பயணத்தில் மக்களின் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். அளவைக் கொண்டு இனத்தின் உயர்வு தாழ்வு காணலாம் என்று அந்நாளைய ஆய்வாளர் பலர் நம்பினர். அந்தக் கொள்கையை அறிவியல் குப்பையில் எறிந்துவிட்டது. பாட்டைப் பதிந்த மெழுகையும் அத்துடன் எறியலாமா? கூடாது. அளந்தவர் கருத்தை மறுப்போம். பாடியவர் குரலைக் காப்போம். நம் வாதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆயினும் துயரம் ஒன்றுண்டு. துடுப்பு வலிக்கும்போதும் வலை இழுக்கும்போதும் நெய்தல் நிலத்தார் பாடும் அம்பாப் பாட்டு, தட்டு வாணிகரின் பட்டியலில் சிறப்பிடம் பெற்றதில்லை. வாணிகர் விற்பதைப் பதிந்தனர். கச்சேரி விற்றது, நாடகப் பாட்டு விற்றது, பின்னர் திரைப்பாட்டு விற்றது. மூச்சடக்கி மூழ்கியவனிடம் முத்தை வாங்கிய உலகம் அவன் பாட்டை வாங்க முன்வரவில்லை. 1961-க்குப் பின் இக்கரையில் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. குளித்தவர் பலர் மறைந்தனர். பாட்டு கடலில் கரைந்தது.

இதே மாவட்டத்துப் பாஞ்சாலங்குறிச்சியைப் பாருங்கள். 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் எப்படிப் பேசினான்? எவருக்கும் தெரியாது. 1959-இல் வெளிவந்த திரைப்படத்தில் சக்தி கிருஷ்ணசாமி எழுதினார்; சிவாஜி கணேசன் முழங்கினார். அவ்வுரையாடல் இசைத்தட்டாகவும் வந்து, தெருவெங்கும் சிறுவர் வாயில் எதிரொலித்தது. இன்று கட்டபொம்மன் என்றாலே நம் காதில் விழுவது சிவாஜியின் குரல். கலை என்ற முறையில் வியப்போம். வரலாறு என்று மயங்கலாகாது. குரல் இல்லாத இடத்தைக் கற்பனை நிரப்புகிறது. நிரப்பியது கற்பனை என்பதை மறந்தால், புராணம் பிறக்கும் வழியும் அதுவே!

ஆகவே பழைய ஒலியைச் செப்பனிடுவோனுக்கு ஓர் அறம் உண்டு. துறைமுக நகரங்களின் பழைய வீடுகளில், பரண்மேல் பெட்டியும் தட்டும் கிடைப்பதுண்டு. கண்டெடுத்தவர் ஆர்வத்தால் கெடுத்துவிடுவர். ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைப்பர். ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். குளிர்ந்த நீரும் மென்மையான சோப்புக் கரைசலும் போதும். நடுவிலுள்ள தாள் நனையலாகாது, பெயர் அதில் இருக்கிறது. மழுங்கிய ஊசியைப் போட்டு ஓட்டுவர். ஊசி உழவுசாலாகப் பள்ளத்தைக் கிழிக்கும். எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பதே பழைய விதி. அரிய தட்டாயின் பழைய பெட்டியின் கனத்த கையில் அதனை ஒப்படைக்கவே கூடாது; எடை குறைந்த மின் கருவியால் ஒருமுறை ஓட்டிப் படியெடுத்துக்கொள்ளல் நன்று.

வேகமும் ஏமாற்றும். நிமிடத்துக்கு 78 சுழற்சி என்பது பிற்காலத்தில் நிலைத்த வழக்கம். தொடக்க நாள் தட்டுகளில் அது கூடியும் குறைந்தும் இருக்கும். 1860-இல் பிரெஞ்சுக்காரர் ஸ்காட் என்பவர், ஒலியலையைப் புகை படிந்த தாளில் கோடாக வரைந்து வைத்தார். ஒலிக்கச் செய்யும் வழி அன்று இல்லை. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அக்கோட்டைக் கணினியால் ஒலியாக்கினர். ஒரு சிறுமி பாடுகிறாள் என்று உலகம் வியந்தது. மறு ஆண்டே வேகம் தவறு என்று கண்டு திருத்தினர். மெதுவாக ஓட்டியபோது ஒலித்தது ஆண் குரல், பெரும்பாலும் ஸ்காட்டின் குரலே. "சிறுமி என்று சொல்லிவிட்டோம், இனி மாற்றினால் மானம் போகும்" என்று அவர்கள் மறைத்தார்களா? இல்லை. திருத்தினர், திருத்தியதை உரைத்தனர். வேதத்துக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஓராண்டுக்குள் அடங்கிவிட்டது.

நாமும் அவ்வாறே நடத்தல் வேண்டும். இரைச்சலை நீக்கிய படி ஒன்று இருக்கட்டும், இன்பமாகக் கேட்பதற்கு. கை வைக்காத படி ஒன்றும் இருக்கட்டும், ஐயுறுவோர் ஆராய்வதற்கு. என்ன மாற்றினோம் என்று எழுதி வைப்போம். சாதியை இகழும் அடியோ, பெண்ணைப் பழிக்கும் கேலியோ பழைய நாடகத் தட்டில் வந்தால் அதனை வெட்டி எறியும் ஆசை நமக்கு எழும். வெட்டலாகாது. "அப்படியெல்லாம் எவரும் இகழவில்லை" என்று நாளை வாதிடுவோர் முன் வைக்க, அத்தட்டே சாட்சி.

சேர்ப்போருக்கும் ஒரு சொல். அரிய தட்டை வாங்கி, எவர் காதிலும் படாமல் பூட்டி வைப்பவர், முத்தை இரும்புப் பெட்டியிலிட்டு இரவில் எண்ணும் கருமியின் உடன்பிறப்பே. மும்பையில் 1990-இல் அமைந்த இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் கழகம் போன்றவை பட்டியலிட்டும் பகிர்ந்தும் வழிகாட்டின. படியெடுத்துப் பொது நூலகத்துக்கு அளிப்பதால் உரியவர் கையிலுள்ள தட்டு தேயப்போவதில்லை.

இளைஞர்களே! உங்கள் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசி, தர்ஸ்டனின் மெழுகு உருளையினும் ஆயிரம் மடங்கு ஆற்றலுடையது. முத்துக்குளிப்பு ஓய்ந்தாலும் இக்கரையில் சங்கு குளித்தவர் உளர். தோணியில் பாய் விரித்துக் கொழும்பு சென்றவர் உளர். உப்பளத்தில் வெயிலோடு வெந்த தாய்மார் உளர். சென்று கேளுங்கள். இசைவு பெற்றுப் பதியுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் எழுதுங்கள். பதிந்ததன் ஒரு படியை முதலில் அவர் கையிலேயே கொடுங்கள். மூழ்கி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கைக் குரலிலாவது மாற்றி எழுதுவோம்!