உடம்பை நிறுக்கும் படிக்கல்



அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யலாகாது என்பது வியாபாரிகளாகிய நமக்கு மார்க்கம் இட்டுள்ள கண்டிப்பான கட்டளை. இருபது வயது வாடிக்கைக்காரருக்கு ஒரு படிக்கல்லும், அறுபது வயதுக்காரருக்கு வேறொரு படிக்கல்லும் நாம் வைப்பதில்லை. ஆனால் நம் உடம்பை நிறுக்கும்போது மட்டும் கள்ளப் படிக்கல்லை எடுக்கிறோமே, இது நியாயமா?

"வயதோடு நூறைக் கூட்டு, அதுவே உனக்குரிய இரத்த அழுத்தம்" என்றொரு பழைய கணக்கு நம்மவரிடையே இன்னும் நடமாடுகிறது. அதை நம்பி, 160 இருந்தாலும் அறுபது வயதுக்காரர் கவலையின்றிக் கல்லாவில் அமர்ந்துவிடுகிறார். இக்கணக்கு தவறு. வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் விறைத்து, மேல் எண் ஏறுவதுண்டு. வழக்கமாக ஏறுகிறது என்பதால் அது சுகமாகிவிடாது. வராத கடன் எல்லாக் கடையிலும் உண்டு என்பதற்காக அதை லாபத்தில் எழுதுவோமா?

சரியான கணக்கைக் கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைவு. வயதையும் உயரத்தையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். வளர வளர ஏறி, வாலிபத்தில் பெரியவர்களின் அளவை அடையும். அதன்பின் எந்த வயதிலும் மேல் எண் 120க்கும் கீழ் எண் 80க்கும் குறைவாயிருப்பதே நலம். டாக்டரிடம் பலமுறை பார்த்தும் மேல் எண் 140ஐயோ கீழ் எண் 90ஐயோ எட்டினால் அது இரத்தக் கொதிப்பு. முதுமையில் கீழ் எண் இறங்கி, மேல் எண் மட்டும் ஏறி நிற்பதுண்டு, அதுவும் நோயே. 80 வயதைக் கடந்தவர்களுக்கும் சிகிச்சை பலன் தருமென 2008இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. மிகத் தளர்ந்தவர்களுக்கு எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டர் நிதானிப்பார்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் பத்துக்கு மூவரிடம் இந்நோயைக் கண்டது. பெரும்பாலும் வலி இராது, அறிகுறி இராது. பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது. அப்போது கடையை யார் பார்ப்பது? பிள்ளைகளை யார் பார்ப்பது?

"எல்லாம் நஸீபு" என்று சொல்லி இருந்துவிடலாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்கல் வைக்கும்படியும், நோய்க்கு மருந்து தேடும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள்.

ஆகவே, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து அழுத்தத்தைப் பாருங்கள். கருவாடு, ஊறுகாய், பெலாச்சான், கிச்சாப்பு எல்லாவற்றிலும் உப்பு உண்டு. எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் அடக்குங்கள். சிகரெட்டை விடுங்கள். சுகமாயிருக்கிறதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரமலான் வருமுன்னே டாக்டரிடம் சென்று, சஹருக்கும் இஃப்தாருக்கும் மாத்திரை நேரத்தை மாற்றிக் கேளுங்கள். நோன்பு நோற்க இயலாத நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

உடம்பு நம் சொந்தச் சரக்கல்ல. அல்லாஹ் ஒப்படைத்த அமானத்து. அதற்கும் கணக்குக் கேட்கப்படும். நம் அனைவருக்கும் ஆஃபியத்தையும் நீண்ட ஹயாத்தையும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.